யானையின் குறைகள்

என்னோடு தொழில் செய்த பெண் தன் ஸ்கூட்டியை விற்கப் பார்த்த கதையைச் சொன்னால் ஆளைப் பாதி விளங்கிக்கொள்ளலாம். கல்லடியிலிருந்து ஓர் இளம் ஆசிரியரும் மனைவியும் வண்டி பார்க்க வந்தார்கள். நல்ல வண்டி, பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தார். அவர்கள் இருக்கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னமே இவர் தொடங்கிவிட்டார்.

"மழை நேரத்துல பின் பிரேக் பிடிக்காது. இந்தப் பக்கக் கண்ணாடி கொம்பனிச் சாமான் இல்ல, நான் வாங்கிப் போட்டது. ரெண்டு பேர் ஏறினா மேட்டுல இழுக்காது."

மட்டக்களப்பில் மேடு எங்கே இருக்கிறது என்று நான் பக்கத்தில் நின்று முணுமுணுத்தேன். "ஏன், கல்லடிப் பாலத்துல ஏறத் தேவையில்லையா?" என்றார். அந்தத் தம்பதி வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கடைசியில் அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து நான்தான் அதை ஒருவருக்கு விற்றுக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரேக்கப் பத்திச் சொன்னீங்களா?" என்பது. சொன்னேன் என்றேன். நம்பவில்லை. வாங்கியவருக்குத் தானே போன் எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் பிறகு என்னை அழைத்து, அந்தப் பெண்ணுக்கு ஏதும் சுகமில்லையா என்று மெதுவாக விசாரித்தார்.

இந்த ஆளோடுதான் நான் வியாபாரம் செய்தேன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை வைத்திருந்தோம். எழுதுவது அவர். ஆட்களைப் பிடித்து வருவது நான். நான் கூட்டி வருகிறவர்களைப் பயமுறுத்தி அனுப்புவதும் அவர்தான் என்று அவருக்கு முன்னாலேயே சொல்லிச் சிரிப்பேன். இருவரும் ஒரே வயதுக்காரர். வாடிக்கையாளர் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று நான் அவரை 'மிஸ்' என்றும் அவர் என்னைச் 'சேர்' என்றும் கூப்பிடத் தொடங்கி, யாரும் இல்லாத நேரத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கொழும்பில் நல்ல வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கம் வாவியும் இருந்தாத்தான் சேர் எண்ட தலை ஓடுது" என்பார். தினமும் செட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். இந்த வேலையைச் செய்ய ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. மெல்பேர்ணில் இருந்த தமையன் ஓயாமல் போன் எடுத்து, "அங்க என்ன செய்யிறாய், வா" என்று அழைத்துக்கொண்டிருந்தார். கடை ஓடும்வரை வரமாட்டேன் என்பது இவருடைய பதில்.

எங்கள் வேலையில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. அவர்கள் திரையில் தட்டுகிற பெயரும் இலக்கமும் உள்ளே போய்ப் பத்திரமாக உட்காரும் இடம், தரவுத்தளம். அதைப் பெரிய நிறுவனங்களிடம் உரிமம் வாங்கியும் வைக்கலாம். உலகமெங்கும் உள்ள ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் திறந்து பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் விட்டிருப்பவற்றையும் வைக்கலாம். எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு இரண்டாவதுதான் வழி. அவற்றை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அவற்றின் அடையாளப் படத்தை வைத்து இறகு, டொல்பின், யானை என்பார். சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் இந்த மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் குணம் ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். குணம் மேலே கொஞ்சமாக இருக்கும். குறை பலகையின் அடிவரை இறங்கி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறியிருக்கும்.

இறகு சின்னது, ஒரே கோப்பில் அடங்கிவிடும், நிறுவும் தலையிடி இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதப் போனால் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். ஒரு சின்னக் கடைக்குப் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்பார். டொல்பின் வேகமானது, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தது. அதில் அவருக்கு ஒரு தீராத கோபம் இருந்தது. பழைய முறையில் ஓட விட்டால், கொடுத்த இடத்தைவிடப் பெயர் நீளமாக இருந்தால் அது வாலை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பேசாமல் சேமித்துவிடும்.

"நம்மட ஆக்கள்ட பேர் எவ்வளவு நீளம்! அரைப் பேர எழுதிப்போட்டுச் சரியெண்டு சொல்லுது. இப்ப திருத்திட்டாங்க, அதையும் சொல்லோணும். ஆனா பழைய மாதிரியே ஓடுறது இன்னும் ஊரெல்லாம் கிடக்கு."

யானைதான் அவர் நம்பியது. பிழையான எதையும் அது உள்ளே விடாது, முடியாது என்று சொல்லி நின்றுவிடும். என்றாலும் பலகையில் அதிகக் குறை எழுதப்பட்டிருந்ததும் யானைக்குத்தான். அழித்ததை உடனே வெளியே போடாது, குப்பை சேரும், அதைக் கூட்ட வேண்டும். புதிய பெரிய பதிப்புக்கு மாற்றுவதென்றால் வேலையெல்லாம் நிறுத்திவைத்துச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருந்தது. கணினியின் அடிப்படை மென்பொருளைக் கவனமில்லாமல் புதுப்பித்தால், எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறிவிடக்கூடும். பெயர்களைத் தேட யானை வைத்திருக்கும் சுட்டி பழைய வரிசையிலேயே இருக்கும். அப்போது தமிழில் ஒரு பெயரைத் தேடினால், ஆள் உள்ளே இருந்தும் இல்லை என்று சொல்லும். இதை அவர் தன் கணினியில் செய்து பார்த்துக் கண்டுகொண்ட நாளில் முகம் வாடிப் போயிற்று. சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிக் கூடாத செய்தி கேட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு குறை இருந்தா என்னத்துக்கு மிஸ் அதையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இரிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தக் குறையெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் சேர்? யானைய எழுதினவங்களே எழுதி வச்சிரிக்காங்க. ஆரும் போய்ப் பாக்கலாம். இவங்கட குப்பையெல்லாம் வாசல் முத்தத்துலயே கிடக்கு. எனக்கு அதுதான் பிடிச்சிரிக்கு."

மெய்தான். காலையில் மற்றவர்கள் பத்திரிகை விரிக்கிற நேரத்தில் அவர் ஒரு கோப்பை பிளேன்ரீயை வைத்துக்கொண்டு அந்தப் பிழைப் பட்டியலைத்தான் வாசிப்பார். சில இடங்களில் 'அடடா' என்பார், சில இடங்களில் சிரிப்பார். எனக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. ஆனால் அவர் அதை வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும்.

என் மனைவி ஒருமுறை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பை வாயில் வைத்ததும், "புளி கூடிப்போச்சு" என்றார். பிறகு மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று தரம் வாங்கியதை என் மனைவி மறந்துவிட்டாள், புளியை மறக்கவேயில்லை.

அவருடைய பழக்கத்தில் வாடிக்கையாளர் விரும்பிய பகுதியும் ஒன்று இருந்தது. மின்வெட்டு ஓயாமல் இருந்த காலம் அது. எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று தெரியாத ஊரில், எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்தால் உள்ளே போனது பிழைக்குமா என்பதுதான் எல்லோருடைய பயமும். அவர் ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போவார். ஏதாவது ஒன்றைப் பதிந்து சேமிக்கச் சொல்லிவிட்டு, மின் வயரை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "நீங்களே புடுங்குங்க" என்பார். புடுங்குவார்கள். திரை கறுக்கும். மறுபடி போட்டதும் பதிந்தது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். யானையிலும் செய்வார், பழைய முறையில் ஓடும் டொல்பினிலும் செய்வார். டொல்பின் பல நேரம் தன் அட்டவணை உடைந்துவிட்டது, திருத்து என்று அழும். யானை எழுந்து நிற்கும்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி வயரை ஒரு தரம் புடுங்கியது போதாமல் மறுகா மறுகா புடுங்கிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் தங்கச்சி. சாரன ரெண்டு கையாலயும் இழுத்துக் காட்டித்தான் விப்பாரு. கிழிஞ்சா கிழிஞ்சதுதான்" என்றார். அந்த இடத்தில் இவருடைய நாக்கின் சேட்டை பலிக்கவில்லை. குறைகளையெல்லாம் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, தெரிஞ்சிரிக்கத்தானே வேணும்" என்று முதலாளி எங்களுக்கே வேலையைத் தந்தார். எல்லோரும் அந்த முதலாளியைப் போல இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு வந்ததுதான் பால் சங்கம். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மாடு வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். ஊர் ஊராகப் பால் சேகரிக்கும் நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, எல்லாம் ஒன்றோடொன்று இணைய வேண்டும். செய்து கொடுத்தால் பல வருடங்களுக்குப் பராமரிப்பும் எங்களிடம்தான். கடை வாடகைக்கு நான் அலைவதும் நிற்கும், தமையனுக்கு இவர் சொல்லும் பதிலும் உறுதியாகும். கிடைக்காவிட்டால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். பஸ்ஸில் போகும்போது நான் அவரிடம் கெஞ்சினேன்.

"மிஸ், இண்டைக்கு மட்டும் குணத்த முதல்ல சொல்லுங்க."

"சொல்றன்" என்றார். சொல்லவும் சொன்னார். குறையைச் சொல்லவேண்டாம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நடந்திருக்காது.

சங்கத்தார் செலவைச் சுருக்க, கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஆளையும் எங்களையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். அந்த இளைஞர் முதலில் காட்டினார். மடிப்புக் குலையாத சேட், அழகான படங்கள், பணிவான பேச்சு. தங்கள் சாமானில் எந்தக் குறையும் இல்லை, எல்லாவற்றுக்கும் தாங்களே பொறுப்பு என்று முடித்தார். பிறகு இவர். வயரை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். பயந்து பயந்து புடுங்கினார். யானை எழுந்து, அவர் பதிந்த பசுவின் பெயரை அப்படியே காட்டியது. மண்டபத்தில் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் போதும்.

"இதுட குறையையும் கேளுங்க ஐயா" என்று தொடங்கினார். எல்லாவற்றையும் சொன்னார். குப்பை கூட்டுவதை, பதிப்பு மாற்றுவதை, ஆள் இருந்தும் இல்லை என்று சொல்லக்கூடியதை. இதை எழுதிய ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், ஏதும் நடந்தால் அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் ஏதும் ஆனால் மட்டக்களப்பில் இதைப் பார்க்க வேறு ஆள் தேடுவது கஷ்டம் என்றும் சொன்னார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

ஒரு மாட்டுக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "நாங்க மாடு விக்கப் போனா, சுழியையும் பல்லையும் வாங்கிறவன் பாத்துக்கட்டும் எண்டு வாய மூடிக்கிட்டு நிப்பம். இந்தப் புள்ள என்னடாவெண்டா தானே வாயத் தொறந்து பல்லக் காட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "அந்தத் தம்பிட சாமானும் பாத்தீங்கதானே புள்ள. அதப் பத்தி உங்கட அபிப்பிராயம் என்ன?"

எந்தக் கடைக்காரனும் கனவில் காண்கிற கேள்வி. இவர் அந்த இளைஞரின் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நல்ல சாமான் ஐயா" என்றார். "உள்ளுக்கு இருக்கிற தரவுத்தளம் உறுதியானது. அத நம்பலாம்."

நான் கதிரையிலிருந்து விழாதது பெரிய காரியம். கொழும்பு இளைஞரே ஆச்சரியப்பட்டு இவரைப் பார்த்தார்.

சில நாள் கழித்துத் தலைவர் எனக்குப் போன் எடுத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். "தம்பி, உங்கட புள்ளய எங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கு. ஆனா உங்கட ஆளே இவ்வளவு குறை சொல்ற சாமான நாங்க எப்பிடி எடுக்கிற? நாளைக்கு ஒண்டு நடந்தா ஆக்கள் எங்களத்தான் கேப்பாங்க."

இவரிடம் வந்து சொன்னேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த பிறகு அந்தக் குறைகளைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"கையெழுத்து வச்ச புறகு சொல்றது ஆருக்கு உதவும் சேர்?" என்றார். கத்தவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை.

கடையை மூடினோம். மேசைகளை மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மிஸ் தமையனிடம் மெல்பேர்ணுக்குப் போனார். விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்து நின்றபோது, புதிய ஊரின் குறைகளைச் சொல்லித்தான் விடைபெற்றார். குளிராம், வீட்டு வாடகை அநியாயமாம், கடல் ஒரு பக்கம்தானாம். நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். நகரத்தில் இப்போதும் மென்பொருள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். தன் சரக்கின் பல்லைத் தானே திறந்து காட்டுகிற ஆள் ஒருவரும் இல்லை. அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

நான் இப்போது கடைகளுக்குக் கண்காணிப்புக் கமரா பூட்டிக் கொடுக்கிறேன். அந்த வேலையாகத்தான் அண்மையில் பால் சங்கத்துக்குப் போக நேர்ந்தது. முகாமையாளர் என்னைத் தன் கணினிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுத் தேத்தண்ணி சொல்லப் போனார். கமராவின் மென்பொருளைத் தேடி நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரு நீல யானைத் தலை இருந்தது. வருடக்கணக்காக அவருடைய திரையில் பார்த்த அதே தலை.

முகாமையாளர் வந்ததும் இது என்ன என்று கேட்டேன். "அதுவா, கொழும்பு ஆக்கள்ட சாமானுக்கு உள்ளுக்கு இரிக்கிறதாம். நாங்க அதத் தொடுறல்ல. நல்லா ஓடுது, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். பொய் இல்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சங்கம் யானையை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரைத்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, வளவில் நின்ற வேப்ப மரத்தடியில் அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ், சங்கத்துல ஓடுறது நம்மட யானை!"

"தெரியும் சேர்."

"தெரியுமா? எப்ப?"

"அண்டைக்கே தெரியும். அந்தத் தம்பி காட்டேக்க ஒரே இலக்கத்த ரெண்டு தரம் போட்டுட்டாரு. கீழ ஒரு பிழைச் செய்தி வந்து போச்சு. யானை சொல்ற அதே வசனம். எனக்குத் தெரியாமப் போகுமா?"

"தெரிஞ்சுகொண்டா நல்ல சாமானெண்டு சொன்னீங்க?"

"நல்ல சாமான்தானே. ஆரும் எடுத்து விக்கலாமெண்டுதானே எழுதினவங்க விட்டிரிக்காங்க. அது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. ஆனா நீங்க யானைக்குச் சொன்ன குறையெல்லாம் அவங்கட சாமானுக்கும் இரிக்குதானே மிஸ். அத நீங்க சொல்லியிருக்கோணுமே. எல்லாத்துட குறையையும் சொல்ற ஆள், அத மட்டும் ஏன் சொல்லாம விட்டீங்க?"

நான் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை.

"வாய் வரைக்கும் வந்துது சேர்" என்றார். "சொன்னா வேலை நமக்குத்தான் கிடைக்கும் எண்டும் தெரியும். அதாலதான் சொல்ல ஏலாமப் போச்சு. எனக்கு நட்டம் வாற குறையச் சொல்ல நான் யோசிச்சதே இல்ல. எனக்கு லாபம் வாற குறை அண்டைக்குத்தான் முதல்முதலா வந்துது. நியாயத்துக்குச் சொல்றனா, ஆசையில சொல்றனா எண்டு எனக்கே புடிபடல்ல. அதுக்குள்ள தலைவர் கேட்டுட்டாரு."

"சொல்லியிருந்தா நீங்க போயிருக்கத் தேவையில்லையே மிஸ்."

"ஓம்" என்றார். "அந்த ஒரு வசனத்தச் சொல்லியிருந்தா நான் அங்கதான் இருந்திருப்பன்."